தருமபுரி 1989: கடன் வந்தது, நிலம் வரவில்லை

2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சென்னையிலேயே தொடங்கியிருக்கலாம். தருமபுரிக்கு வந்ததற்கான காரணம் மேடையிலேயே சொல்லப்பட்டது: 1989இல் மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கலைஞர் தொடங்கிவைத்த மாவட்டம் இது.

உண்மைதான். ஆனால் தோழர்களே, அந்த 1989க்கும் நமக்கும் என்ன உறவு என்பதை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. அரசு மலர்களில் அது வெற்றிக் கதை. இடதுசாரி நண்பர்கள் சிலருக்கு அது உலக வங்கிச் சதி. (குறைந்தபட்சம் வங்கியின் பெயரையாவது சரியாகச் சொல்லலாம். தொடக்கத்தில் பணம் தந்தது உலக வங்கி இல்லை.) காலனித் தெருவிலிருந்து பார்த்தால் இந்த இரண்டு கதையுமே பாதிதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிலரங்கில் கல்லூரி மாணவர்களிடம், "உங்க அம்மா குழுவில் இருக்காங்களா?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. "உங்க அம்மா பேரில் நிலம் இருக்கா?" என்று அடுத்துக் கேட்டதும் கைகள் இறங்கிவிட்டன. இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் நடந்த வரலாறு.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் உருவானது. 1989இல் ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த, ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்களுக்கான திட்டம் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டம் தருமபுரி. அப்போது கிருஷ்ணகிரி பிரியவில்லை, அது நடந்தது 2004இல். ஓசூரிலிருந்து அரூர் வரை ஒரே மாவட்டம். பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று திட்டம் விரிந்தது. களத்தில் குழு அமைக்கும் வேலையில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள் இறங்கின. கடன் கொடுக்க இந்தியன் வங்கி வந்தது.

ஏன் தருமபுரி? மழையை நம்பிய மேட்டு நிலம், ராகி, சாமை, புளி, மா. மிச்ச நாளெல்லாம் பெங்களூருக்குக் கட்டட வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும்கூட எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டம் இதுதான். பெண் சிசுக்கொலைக்காகவும் இதன் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. 'பின்தங்கிய மாவட்டம்' என்று அரசு சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டில் அரசு இந்த மாவட்டத்தை வேறொரு பெயரிலும் அறிந்திருந்தது: நக்சல்பாரி மாவட்டம். நாயக்கன்கொட்டாய் பகுதியில் இரட்டைக் குவளைக்கும் கந்துவட்டிக்கும் எதிராக நக்சல்பாரித் தோழர்கள் நின்றார்கள். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் வால்டர் தேவாரம் தலைமையில் காவல்துறை அந்த இயக்கத்தை நசுக்கியது. பாலன் கொல்லப்பட்டது அப்போதுதான். முதலில் காவல்துறை வந்தது, பத்தாண்டு கழித்துக் குழுக்கடன் வந்தது. ஒன்றுக்காகவே மற்றொன்று வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வட்டிக்காரனை எதிர்த்து நிற்பதும் வட்டிக்காரனுக்கு மாற்றாக ஒரு சேமிப்புப் பெட்டி வைப்பதும் ஒரே வேலை இல்லை. தருமபுரியில் முதலாவது ஒடுக்கப்பட்ட இடத்தில்தான் இரண்டாவது முளைத்தது.

குழு எப்படி வேலை செய்தது என்பதை இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 12 முதல் 20 பெண்கள். வாரம் அல்லது மாதம் ஒரு கூட்டம். ஆளுக்கு ஒரு சிறு தொகை சேமிப்பு. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், ஆளுக்கொரு பாஸ்புக். சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே உள்கடன். சில மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கி வந்து கணக்கைப் பார்க்கும், குழுவைத் தரம் பிரிக்கும், பிறகு சேமிப்பின் மடங்கில் கடன் தரும். அடமானம் எதுவும் கேட்காது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவைப்பார்கள் என்ற நம்பிக்கைதான் வங்கிக்கு அடமானம். 1992இல் நபார்டு வங்கி இந்தியா முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியபோது, மைராடா கர்நாடகத்திலும் தருமபுரியிலும் பெற்ற அனுபவம் அதற்கு முன்பே கையில் இருந்தது.

இதில் தலித் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? இந்த இடத்தில் அவசரப்பட்டு எள்ளி நகையாடக் கூடாது.

குழு வருவதற்கு முன் காலனியில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், இரவோடு இரவாக ஐம்பதோ நூறோ எங்கிருந்து வரும்? வேலைக்குப் போகிற பண்ணைக்காரர் வீட்டுத் திண்ணையிலிருந்து. அந்தப் பணத்துக்கு வட்டி மட்டும் இல்லை, உழைப்பும் உண்டு. அவர் கூப்பிட்ட நாளில் போக வேண்டும், அவர் சொன்ன கூலிக்குப் போக வேண்டும், மகனை மாடு மேய்க்க அனுப்ப வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்ததே, அது ஒழிக்க வந்தது இந்த முன்பணக் கயிற்றைத்தான். சட்டம் கயிற்றை அறுத்தது. ஆனால் காய்ச்சல் வந்த குழந்தைக்குப் பணம் எங்கே என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அந்தப் பதிலைக் குழுவின் தகரப் பெட்டி கொடுத்தது. பண்ணைக்காரரிடம் கை நீட்டாமல் ஒரு இரவைக் கடப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பது, நீட்டிய கைகளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டுப் பெயர் எழுதப் பழகிய பெண்கள் எத்தனையோ பேர். வங்கி மேலாளர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தது பலருக்கு வாழ்க்கையில் முதல் முறை. 73ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு 1996இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தது. அந்த இடங்களில் நின்ற தலித் பெண்களில் பலருக்கு, பத்துப் பேர் முன் எழுந்து பேசும் பழக்கம் குழுக் கூட்டத்தில் வந்ததுதான்.

சரி, இதெல்லாம் வரவு. இனி பற்று.

மைராடா தன் குழுக்களை 'இணக்கக் குழுக்கள்' என்ற கருத்தில் அமைத்தது. ஒருவரை ஒருவர் அறிந்த, நம்பும் பெண்கள் சேர்ந்தால் குழு நிலைக்கும் என்பது எண்ணம். நிர்வாக நோக்கில் புத்திசாலித்தனமான எண்ணம்தான். ஆனால் நம் கிராமத்தில் இணக்கம் என்பது தெருவைப் பொறுத்தது, தெரு என்பது சாதியைப் பொறுத்தது. ஆகவே ஊருக்குள் ஊர்ப் பெண்களின் குழு, காலனியில் காலனிப் பெண்களின் குழு. இரண்டுக்கும் ஒரே பதிவேடு, ஒரே வங்கி, ஒரே ஊக்குநர் பயிற்சி. கூட்டம் மட்டும் தனித்தனி. சாதி கூட்டிக் கழித்துப் பெருக்கிய நிலப்பரப்பின் மேல் ஒரு திட்டத்தை அப்படியே விரித்தால், திட்டமும் அதே வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இதற்குத் தீய எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை.

அதே 1989இல் இன்னொரு சட்டமும் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. நடுவண் அரசு அந்த நிலைக்கு வர 2005 ஆனது. திராவிட இயக்கத்தின் பெருமைமிகு சட்டங்களில் ஒன்று, சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பூர்வீகச் சொத்து இருக்கும் வீட்டு மகளுக்கு அந்த ஆண்டு சொத்துரிமை கிடைத்தது. பூர்வீகமே கூலியாக இருந்த வீட்டு மகளுக்கு அந்த ஆண்டு சேமிப்புக் குழு கிடைத்தது. ஒருத்திக்குச் சொத்து, இன்னொருத்திக்குக் கடன். இரண்டையும் 'பெண் முன்னேற்றம்' என்ற ஒரே தலைப்பில் படிக்கிறோம்.

நமக்குக் கொடுப்பதைக் கடனாகவே கொடுக்கும் பழக்கம் 1989இல் பிறந்ததும் இல்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதிய பிறகு, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். 1920களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை, மிராசுதாரர்களின் மனையில் குடியிருந்த நம் மக்களுக்குச் சொந்த மனை வாங்கித் தரப் புறப்பட்டது. எப்படித் தந்தது? கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மனையின் விலையைத் தவணையில் திருப்பிக் கட்டச் சொன்னது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மண்ணுக்கு நாமே தவணை கட்டினோம். பாபாசாகேப் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் வேறு வழி கேட்டார்: வேளாண் நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் குத்தகைக்குத் தரப்பட வேண்டும், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும். அதை அரசமைப்பு ஏற்கவில்லை. 1974இல் தாட்கோ வந்தது. முதலில் வீடு கட்ட, பிறகு தொழில் கடன் தர.

1992க்கு வருவோம். நபார்டு தன் 500 குழுக்களைத் தேடிய அதே ஆண்டு, அதே தருமபுரி மாவட்டம். ஜூன் 20. அரூர் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்தார்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொல்லப்பட்டன, கிணறு கெடுக்கப்பட்டது. பெண்களையும் குழந்தைகளையும் சிறையில் அடைத்தார்கள். ஒரு கிராமத்துப் பெண்களின் முதலீடு என்று எதைச் சொல்வோமோ அத்தனையையும் அரசு ஊழியர்களே அழித்தார்கள். அதே மாவட்டத்தில் அரசின் இன்னொரு கை ஆடு வாங்கக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது.

மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நடத்திய போராட்டத்தால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அவர்களுக்கோ குடும்பத்தினருக்கோ நிரந்தர வேலை அல்லது சுயதொழிலுக்கு ஏற்பாடு என்று ஆணையிட்டார். சுயதொழில்! தருமபுரிப் பெண்களுக்கு 1989இல் வாக்களிக்கப்பட்ட அந்தச் சொல், வாச்சாத்திப் பெண்களுக்கு 34 ஆண்டு கழித்து நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக வந்து சேர்ந்தது.

1997-98இல் திட்டம் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் விரிந்தது. 1999இல் நடுவண் அரசின் சுவர்ண ஜெயந்தி கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டம் பயனாளிகளில் பாதிப்பேர் பட்டியல் சாதி, பழங்குடியினராக இருக்க வேண்டும் என்று விதித்தது. 2011இல் அது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமாக மாறியது. சுழல்நிதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, பொதுச் சேவை மையம் என்று சொற்கள் பெருகின. இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் பெயர்ப் பலகை மாறியதே தவிர, கடன் வாங்கிய பெண் என்ன தொழில் செய்வாள் என்ற கேள்வி அப்படியே நின்றது.

தொழில் என்று வரும்போதுதான் சாதி எழுந்து நிற்கிறது. கறவை மாட்டுக் கடன் எடுத்துக்கொள்ளுங்கள். மாடு கிடைக்கும். மேய்ச்சல் நிலம் யாருடையது? பால் யார் வாங்குவார்கள்? 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளிவந்த தீண்டாமை ஆய்வு, பால் கூட்டுறவு தொடர்பாக ஆராய்ந்த கிராமங்களில் ஏறக்குறைய பாதியில் தலித்துகள் பால் ஊற்ற முடியவில்லை என்று காட்டியது. டீக்கடை, இட்லிக் கடை வைத்தால் காலனிக்குள்தான் வைக்க வேண்டும், அங்கே எல்லோரும் கடன்காரர்கள். ஊருக்குள் வைத்தால் வாங்க ஆள் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். 2023இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடமாட்டோம் என்று பெற்றோர் சிலர் மறுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. குழு, பயிற்சி, அரசு ஆணை, ஊதியம் எல்லாம் கைவசம் இருந்த பெண்ணுக்கே இந்த நிலை. வங்கிக் கடனை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகக் கடை போடுகிறவளை நினைத்துப் பாருங்கள்.

வேறு வழி இருந்ததா? இருந்தது, தமிழ்நாட்டிலேயே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஒப்பந்ததாரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்களுக்கே அரசு கல்குவாரிகள் குத்தகைக்குத் தரப்பட்டன. அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்ற பெண்கள் குவாரிக் கணக்கையும் பார்த்தார்கள். அது நீடிக்காமல் போனதில் ஒப்பந்ததாரர்களின் கைவரிசை உண்டு. ஆனாலும் அந்தச் சில ஆண்டுகளில் கல்லிலிருந்து வந்த லாபம் கல் உடைத்தவர்கள் கைக்குப் போனது. புதுக்கோட்டைப் பெண்களுக்குக் கிடைத்தது ஒரு வளம். தருமபுரிப் பெண்களுக்குக் கிடைத்தது ஒரு தவணை அட்டை. இத்தனைக்கும் உலகச் சந்தையில் கறுப்புக் கிரானைட்டுக்குப் பெயர்போனது அந்தப் பழைய தருமபுரி மாவட்டம்!

2012 நவம்பர் 7 பற்றி எழுதாமல் இந்த வரலாறு முடியாது. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் அருகில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகளில் புகுந்தார்கள். சேதமான வீடுகள் 250க்கும் மேல். ஆதிக்கச் சாதிக் கும்பல் கொல்ல வரவில்லை, சொத்தை அழிக்க வந்தது என்பதை அங்கே போன உண்மை அறியும் குழுக்கள் எல்லாம் குறித்தன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த நகை, பீரோ, டி.வி., இருசக்கர வாகனம், பிள்ளைகளின் சான்றிதழ்கள். நகையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் தீ வைத்தார்கள். இரட்டைக் குவளைக்கு எதிராக ஒருகாலத்தில் இரு சாதி ஏழைகளும் சேர்ந்து நின்ற அதே பகுதி அது. அப்புவுக்கும் பாலனுக்கும் அங்கே சிலை இருக்கிறது. சேமிக்கச் சொல்லி 23 ஆண்டுகள் பயிற்சி கொடுத்த மாவட்டத்தில், தலித் பெண் சேமித்ததைக் காப்பாற்ற ஒரு மாலைப் பொழுது போலீஸ் வரவில்லை.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அண்மைக் காலத்தில் சில திட்டங்கள் சொத்து என்ற சொல்லை உச்சரிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2023இல் வந்த 'நன்னிலம்' திட்டத்தில் நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்கத் தாட்கோ பாதித் தொகையை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை, மானியமாகத் தருகிறது. அதே ஆண்டு வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியம். 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. வாய்ப்பு உள்ள தோழர்கள் இவற்றில் இப்போதும் நடப்பில் இருப்பவற்றை விடாதீர்கள். ஆனால் நன்னிலத்தில் மீதிப் பாதி மறுபடியும் கடன்தான், அதற்கு நம் பெண்ணுக்கு நிலத்தை விற்க ஒரு ஊர்க்காரர் முன்வரவும் வேண்டும். 35 சதவீத மானியம் வாங்க மீதி 65க்கு வங்கியோ கைப்பணமோ வேண்டும்.

இன்னொரு பக்கம், குழுவின் பழக்கத்தைத் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டன. அதே குழு, அதே வாரக் கூட்டம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில். வட்டி மட்டும் பல மடங்கு. வசூல் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றும் அளவுக்கு நிலைமை போனது. பண்ணைக்காரர் திண்ணையிலிருந்து நம் அம்மாக்களை மீட்ட கூட்டப் பாய், இன்று சில தெருக்களில் அவர்கள் ஒளிந்து ஓடும் இடமாகிவிட்டது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். 1989க்கும் 1995க்கும் இடையில் தொடங்கிய முதல் குழுக்களில் இருந்த பெண்கள் இப்போது அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய பாஸ்புக், தீர்மானப் புத்தகம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். முதல் உள்கடன் எதற்கு வாங்கினீர்கள், அதற்கு முன் யாரிடம் வாங்கினீர்கள், ஊர்க் குழுவோடு ஒரே பாயில் உட்கார்ந்தீர்களா, கடன் வாங்கி வைத்த தொழில் எத்தனை நாள் ஓடியது, இன்று உங்கள் பெயரில் பட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிடலாம்.